சிவப்புப் பூவும் சீமைப் படிப்பும்

வெண்ணந்தூரில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, வருமானச் சான்று, ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. என் பெயர் மார்ட்டின். சொந்த ஊர் சேலம். மனைவி அந்தோணிமேரிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால் கூடவே வந்து ஒட்டிக்கொண்டவன். யார் எந்தப் பரீட்சை எழுதினார்கள், யாருக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்பதெல்லாம் இந்த ஊரில் எனக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. மாரக்காள் சாமி குத்தம் செய்துவிட்டாள் என்று டீக்கடையில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்தச் சாமிக்குப் பூப்பொட்டலம் கட்டியவனே நான்தான். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சேலத்தில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை நிலையத்துக்கு மூன்று பேர் போனோம். மாரக்காள், அவள் மகள் பிரபா, நான். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க சிவப்பு பஸ்ஸும் கடிகாரக் கோபுரமும். டை கட்டிய இளைஞன் ஒருவன் பிரபாவைப் பார்த்துச் சிரித்து, பிளஸ் டூவா டிகிரியா என்று கேட்டான். பிரபா கையிலிருந்த ஃபைலை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"படிக்கப் போறது எங்கம்மாங்க. நான் துணைக்கு வந்தேன்," என்றாள்.

அவன் உடனே என்னைப் பார்த்தான். கணவன் என்று நினைத்திருப்பான். நான் ஜெராக்ஸ் கடைக்காரன் என்றதும் அவன் முகத்தில் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கெட்ட சேதி சொல்லும் டாக்டர் குரலில் "கேப்" என்றான். படிப்பை முடித்ததற்கும் வேலையில் சேர்ந்ததற்கும் நடுவே எட்டு வருஷம் இருக்கிறதாம். அவ்வளவு பெரிய கேப்பை இங்கிலாந்துக்காரன் ஏற்றுக்கொள்ளமாட்டானாம். அதற்கு மருந்தையும் அவனே வைத்திருந்தான். தெரிந்தவர் ஒருவருக்கு நூற்பாலை இருக்கிறது, அங்கே பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்ததாக ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம், எல்லோரும் செய்வதுதான் என்றான். ஏன் இந்தப் படிப்பு என்கிற கட்டுரையையும் அவர்களே எழுதிக் கொடுப்பார்களாம். மாதிரிக்கு ஒன்றைக் காட்டினான். "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலின்மீது தீராத ஆர்வம்" என்று அது ஆங்கிலத்தில் தொடங்கியது. மேசையில் கிடந்த இன்னொரு பையனின் கட்டுரையும் அப்படியேதான் தொடங்கியது. அவனுடைய தீராத ஆர்வம் மட்டும் வணிகத்தின்மீது.

"நான் அந்த மில்லுல வேலை பாக்கலீங்களே," என்றாள் மாரக்காள்.

"பேப்பர்ல இருந்தா போதும் மேடம்."

"அந்த எட்டு வருசமும் நான் ஊட்ல இருந்தனுங்க. புள்ள வளத்தேன். மாமனாருக்கு வாதம் வந்து படுத்துட்டாரு, அவரைத் தூக்கி உக்கார வெச்சுச் சோறூட்டினேன். அதை எழுதறதுக்கு எனக்கு வெக்கமில்லீங்க. பொய் எழுதறதுக்குத்தான் வெக்கம்."

ஃபைலை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். படியிறங்கும்போது, உங்கள் கடையிலிருந்தே விண்ணப்பம் போடலாமா என்று என்னைக் கேட்டாள். அதுவரை என் கடையிலிருந்து போன விண்ணப்பங்களில் அதிக தூரம் போனது டெல்லிக்குத்தான். ஆனாலும் சரி என்றேன். அவள் கேட்ட விதத்தில் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மாரக்காள் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருகிற பெயர். கல்லூரியில் கூடப் படித்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்களாம். முதல் பருவத் தேர்வு முடிவு வந்ததோடு சிரிப்பு நின்றுவிட்டது. நாமக்கல்லில் நுண்ணுயிரியல் படித்தாள். வகுப்பில் முதல் மாணவி. கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு கல்யாணம் முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை குழந்தைவேல் ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரியோடு வடக்கே போனால் பொங்கலுக்கு வருவார், மழைக்காலத்தில் வருவார், மற்ற நாளெல்லாம் போனில்தான். பட்டச் சான்றிதழைப் போய் வாங்கவே அவளுக்குப் பல வருஷம் பிடித்தது. மாமனார் காலமாகி, பிரபா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நாமக்கல்லில் ஒரு கோழி நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவார்கள். அறுத்துப் பார்த்து என்ன நோய், எந்த மருந்து கேட்கும் என்று சொல்லவேண்டும். சாயங்கால பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அதனால் இரண்டு பேர் சீட்டு முழுக்கத் தனக்கே என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதவேண்டிய ஆங்கிலத் தேர்வில், மனம் லேசாகும் ஓர் இடத்தைப் பற்றிப் பேசு என்று கேட்டதற்கு அந்த பஸ் சீட்டைப் பற்றித்தான் பேசிவிட்டு வந்தாள். அதற்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

அவள் ஏன் படிக்க ஆசைப்பட்டாள் என்பதையும் சொல்லவேண்டும். ஊர் அதை மட்டும் சொல்லுவதில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு தட்டில் கிருமியை வளர்த்து, மருந்து ஏற்றிய சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வளையம் விழும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அகலமாக விழுந்த வளையங்கள் வரவர ஒடுங்கிக்கொண்டே வந்தன. சில மருந்துகளுக்கு வளையமே விழவில்லை. அந்தச் சமயத்தில் அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து, ஆறாமல் மேலே ஏறியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவருடைய பரிசோதனை முடிவைப் படித்தாளாம். கோழிக்குக் கேட்காத அதே மருந்துகளின் பெயர்கள், அப்பாவுக்கும் கேட்காது என்று வரிசையாக இருந்தன. அவர் பிழைக்கவில்லை.

கூடத்தின் கால்நடை டாக்டர் சிவபிரகாஷிடம், இதை எப்படித்தான் நிறுத்துவது என்று கேட்டிருக்கிறாள். அது ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேலையம்மா என்றார் அவர். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று மறுபடி கேட்டிருக்கிறாள். பேச்சை முடிக்கவேண்டி, அதற்கென்றே ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, பார் என்று செல்போனில் ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைக் காட்டினார். அவர் அளவில் பேச்சு அதோடு முடிந்துபோனது. அவளுக்கு அங்கேதான் தொடங்கியது.

சிவபிரகாஷ் நல்ல மனுஷர். பரிந்துரைக் கடிதம் கேட்டதும் உடனே எழுதிக் கொடுத்தார். என் கடையில் வைத்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், அடக்கமானவர், தெய்வபக்தி உள்ளவர், பெரியவர்கள் முன் குரல் உயர்த்தாதவர் என்று எழுதியிருந்தார். பெண் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டார் பாவம். அவர் கற்றுக்கொண்ட பரிந்துரை அதுதான். மாரக்காள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். அடக்கம் என்பதை எடுத்துவிடுங்கள், அது உண்மையும் இல்லை, அங்கே அதற்கு வேலையும் இல்லை, இத்தனை வருஷம் நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுங்கள் என்றாளாம். அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவது கடிதத்தை நன்றாகவே எழுதினார்.

பல்கலைக்கழகத்தின் நேர்காணல் வீடியோவில், என் கடையில்தான் நடந்தது. ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கி, ஆதார் கார்டு பிரதி கேட்டு வந்தவரை நாளைக்கு வரச் சொல்லி விரட்டினேன். அந்த எட்டு வருஷத்தைப் பற்றி அவர்களும் கேட்டார்கள். சேலத்து இளைஞனிடம் சொன்ன அதே பதிலை, அதே நிமிர்ந்த முகத்தோடு ஆங்கிலத்தில் சொன்னாள். இலக்கணம் அங்கங்கே நொண்டியது, அவள் நொண்டவில்லை. அந்தப் பக்கம் இருந்த பெண்மணி தலையாட்டிக் கேட்டுவிட்டு, செத்த கோழிகளைப் பற்றி மேலும் விசாரிக்கத் தொடங்கினார். பங்குனியில் இடம் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. படிப்புக்கும் தங்குவதற்கும் உதவித்தொகையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லவேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இதுவரை ஊருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருப்பார்களா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் இவளுக்குப் படிப்பாம் என்றார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றார்கள். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, வளைகிற உத்தேசமும் இல்லை. பிரபாவிடம் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். அம்மா போனால் டெஸ்ட் மார்க் கேட்க ஆளிருக்காது, அதுவே பெரிய நிம்மதி என்று அந்தப் பெண் பதில் சொன்னது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

உண்மையான தடை வீட்டுக்குள் இருந்தது. மாமியார் சென்னியம்மாள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். படுத்துக் கிடந்த தன் புருஷனை மருமகள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று கோயிலிலும் கல்யாணத்திலும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறவள். ஆனால் அவளுக்கு மருமகள் என்றால் வீட்டில் இருக்கிற பொருள். இந்தப் படிப்புக்குப் போகிறவர்கள் குடும்பத்தைத் தங்களோடு அழைத்துப்போக முடியாது என்று தெரிந்ததும் கொதித்துப்போனாள்.

"கட்டினவனையும் உடமாட்டான், பெத்த புள்ளயையும் உடமாட்டான். அது என்ன ஊரு அம்மிணி?"

"ரிக்கு வண்டியிலயும் பொண்டாட்டி புள்ளய ஏத்தறதில்லீங்களே அத்தை," என்றாளாம் மாரக்காள்.

சென்னியம்மாள் மகனுக்குப் போன் போட்டாள். குழந்தைவேல் அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். கோடை, ரிக்குக்கு நல்ல சீசன், நகர முடியாது. போகாதே என்று மனைவியிடம் சொல்ல அவருக்கு வாயில்லை, போ என்று சொல்ல மனசில்லை. அம்மா சொல்கிறபடி குலதெய்வத்திடம் பூ கேட்டுவிடுங்கள், சாமி என்ன சொல்கிறதோ அப்படியே செய்யலாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஆண்பிள்ளைகள் ஒளிந்துகொள்ளச் சாமிக்குப் பின்னால் எப்போதும் இடம் இருக்கிறது.

பூ கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணம், நிலம் வாங்குவது, கிணறு வெட்டுவது, எதுவாக இருந்தாலும் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் இலையில் ஒரே மாதிரி கட்டி, சாமி பாதத்தில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் கட்டுகிறவர் எந்தப் பக்கமும் சேராதவராக இருக்கவேண்டும். சென்னியம்மாள் என்னைக் கூப்பிட்டாள். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், அவர்கள் சாமியிடம் எனக்கு வேண்டுதலும் இல்லை, வழக்கும் இல்லை, அதனால் ஏமாற்றமாட்டேன் என்பது அவள் கணக்கு. அந்தோணிமேரி சிரித்துவிட்டு, போய்வாருங்கள் என்றாள். சம்மதம் சொல்லக் கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமைதான் சென்னியம்மாளுக்குத் தோதுப்பட்டது. அதுவும் அவள் கணக்கா என்று எனக்குத் தெரியாது.

காலையில் என் ஆம்னி வேனில் கிளம்பினோம். பிரபா கடையில் அந்தோணிமேரியோடு இருந்துகொண்டாள். கோயில் பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் தனியாக இருக்கிறது. முன்சீட்டில் உட்கார்ந்த சென்னியம்மாள் வழிநெடுக அம்மனின் வாக்கு எப்படித் தப்பாது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ரிக் வண்டி வாங்கியதுகூட இந்தச் சாமியிடம் பூ கேட்டுத்தானாம். எடுத்ததுமே வெள்ளை வந்ததா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"மொதக்கா செவப்பு வந்துச்சுங்க தம்பி. அடுத்த அமாவாசைக்குக் கேட்டோம், மறுக்காவும் செவப்பு. மூணாந்தரம் வெள்ளை குடுத்துச்சு. நல்ல ராசி, இன்னைக்கு வரைக்கும் வண்டி ஓடுதில்ல?"

அவள் அதைக் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். மாரக்காள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பூசாரி ஆண்டி விளக்கேற்றிவிட்டு, நந்தியாவட்டையும் செவ்வரளியும் நிறைந்த கூடையை என் கையில் கொடுத்து மறைவாகப் போய்க் கட்டச் சொன்னார். கோயிலுக்குப் பின்புறம் போனேன். உள்ளதைச் சொல்லவேண்டும், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே கட்டிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? யாரும் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்போது மாரக்காள் கைகழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒழுங்காக் கட்டுங்கண்ணா. அந்த மில்லு சர்ட்டிபிகேட்டையே வேண்டாம்னவ நான். இது மட்டும் எனக்கு எதுக்குங்க?"

ஒழுங்காகவே கட்டினேன். வாழையிலை, வாழைநார், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத மாதிரி. தட்டில் வைத்துக் கொடுத்தபோது எது எது என்று எனக்கே தெரியவில்லை. ஆண்டி அதைச் சாமி பாதத்தில் வைத்தார். சென்னியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள், உதடு மட்டும் அசைந்தது. மாரக்காள் கண்ணைத் திறந்துகொண்டுதான் நின்றாள். ஒரு பெண்ணின் இத்தனை வருஷத்து ஆசை அந்த இரண்டு இலைப் பொட்டலத்தில் கிடக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஆண்டி ஒன்றை எடுத்து நாரை அவிழ்த்தார். செவ்வரளி.

சென்னியம்மாள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாமி சொல்லிவிட்டது, இனிமேல் யாருக்கும் யார்மேலும் வருத்தம் வேண்டாம் என்றாள். ஆண்டிக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது போலிருக்கிறது. வேண்டுமானால் அடுத்த அமாவாசைக்கு வாருங்கள், மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று இழுத்தார். அடுத்த அமாவாசைக்குள் அந்த இடம் அடுத்தவருக்குப் போயிருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. ரிக்குக்கு மூன்று முறை கேட்டீர்களே, இப்போதே இன்னொரு முறை கேட்டால் என்ன என்றேன்.

"அது தொழிலுங்க தம்பி. ஆம்பளைப் பொழப்பு. இதுக்கு ஒருக்காக் கேட்டாப் போதும்."

"ஒருக்காவே போதுமுங்கத்தை," என்றாள் மாரக்காள்.

முடிந்துபோனது என்றுதான் நினைத்தேன். சென்னியம்மாளும் அப்படித்தான் நினைத்து அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். மாரக்காள் ஆண்டியின் முன்னால் போய்க் கையை நீட்டி, அந்தப் பூவைக் கொடுங்கள் என்றாள். சிவப்பு வந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் வழக்கம். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொத்தாகத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். அரளியை யாரும் தலையில் வைப்பதில்லை. அது சாமிக்கு மட்டும் போடுகிற பூ.

சென்னியம்மாள் பதறிப்போனாள். "என்ற சாமி, என்ன காரியம் பண்றே?"

"சாமி குடுத்த பூவுங்கத்தை. வெள்ளையக் குடுத்தா வாங்கிக்கிறது, செவப்பக் குடுத்தா எறிஞ்சுட்டுப் போறது, அது மரியாதை இல்லீங்க. அதுக்கு இஷ்டமில்லைன்னு சொல்லுச்சு, கேட்டுக்கிட்டேன். எனக்கு இஷ்டமுங்க. நான் போறேன்."

"சாமி கோவிச்சுக்கும்டி."

"எங்கூடத்தானுங்க கோவிச்சுக்கும். நான் சமாளிச்சுக்கறேன்."

வெள்ளை வருகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் சாமிக்குப் பயந்தவர்களாம். ஒரே முறை கேட்டு, வந்த பதிலை மறைக்காமல் தலையில் வைத்துக்கொண்டவள் சாமி குத்தம் செய்தவளாம். அந்த அம்மனுக்கு இவர்களில் யாரைப் பிடித்திருக்கும் என்று நான் சொல்லக்கூடாது, நான் வேதக்காரன். ஆனால் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

திரும்பும்போது சென்னியம்மாள் பின்சீட்டுக்குப் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏரி தாண்டிய பிறகு, உன் மாமனார் படுத்திருந்த அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நீ முகம் சுளித்ததில்லையே, இன்றைக்கு உனக்கு என்ன வந்தது என்று அழுகிற குரலில் கேட்டாள். அன்றைக்கும் யாரும் சொல்லிச் செய்யவில்லை, என் மனசுக்குச் சரியென்று பட்டது, செய்தேன், இன்றைக்கும் அதே மனசுதான் என்றாள் மாரக்காள். சென்னியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அரளி பட்டு மருமகளின் கழுத்து அரித்துவிடப் போகிறது என்று பூவைக் கொஞ்சம் தள்ளிச் செருகிவிட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

வேனை நிறுத்தியதும் சென்னியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். மாரக்காள் நேராகக் கடைக்குள் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தலையில் செவ்வரளி. ஸ்டாம்ப் சைஸ் போட்டோ எடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள் அந்தப் பூவையே முறைத்துப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். சம்மதம் என்கிற இடத்தில் அவளே அழுத்தினாள். பிரபா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நிமிஷமே குழந்தைவேலிடமிருந்து போன் வந்தது. பிரபா ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். பின்னால் ரிக்கின் கம்ப்ரசர் சத்தம் இரைந்தது. என்ன பூ வந்தது என்று கேட்டார். சிவப்பு என்றாள் மாரக்காள். அவர் மூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. சரி, வருத்தப்படாதே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"சம்மதம் அனுப்பிப்போட்டனுங்க. இப்பத்தான்."

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் சாமியிடம் எதற்குக் கேட்டது? அம்மாவை யார் பார்ப்பது? பிரபாவுக்கு வருகிற மார்ச்சில் பொதுத்தேர்வு, அவளுக்கு யார் இருக்கிறார்கள்? வீடு என்ன ஆவது?

மாரக்காள் போன் பக்கம் குனிந்தாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க போயிட்டுப் போயிட்டு வர்றீங்க. கெளம்பறப்ப ஒருநாளாச்சும் ஊடு என்ன ஆகும்னு கேட்டிருக்கீங்களா? கேக்கலீங்க. ஏன்னா நான் இருந்தேன். இந்த ஒரு வருசம் நீங்க இருங்க. வண்டியை மேனேசருகிட்ட உட்டுட்டு ஆவணிக்கு வந்துருங்க. நான் போயிட்டு வாரேன்."

போட்டோவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் யாரையோ பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார் குழந்தைவேல். கம்ப்ரசர் சத்தம் தணிந்து நின்றது. போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, அதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"பிரபாவுக்குக் காலையில என்ன குடுக்கறது?"

"அதை அவளையே கேளுங்க," என்றாள் மாரக்காள். "நான் படிக்கப் போறவளுங்க."

போனை மகளின் கையில் கொடுத்துவிட்டு, விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று என்னிடம் கேட்கத் தொடங்கினாள்.